ஈரலைப் பாருங்க

1943 மார்ச் 8, திங்கட்கிழமை. காலை ஐந்தே முக்கால் மணி.

மூன்றாவது கன்றும் செத்துக் கிடந்தது.

எறையாங்குப்பம் சின்னதுரையின் மாட்டுக்கொட்டகையில், தண்ணீர்த் தொட்டிக்குப் பக்கத்தில், கால்களை விறைப்பாக நீட்டிக்கொண்டு கிடந்தது. முந்தின நாள் சாயங்காலம் ஒரே இடத்தில் வட்டம் சுற்றியது. காதை ஓயாமல் ஆட்டியது. சாணி போட முக்கி முக்கிப் பார்த்தது. விடிவதற்குள் எல்லாம் முடிந்துவிட்டது. சின்னதுரையின் தங்கை வீரம்மாள் அதன் கழுத்துமணியைப் பிடித்துக்கொண்டு வாய்விட்டு அழுதாள். புருஷன் போனபின் அண்ணன் வீட்டோடு வந்து சேர்ந்தவள். கன்றுகள்தாம் அவளுக்குப் பிள்ளைகள்.

எட்டு நாளில் மூன்று கன்றுகள். அதே கொட்டகையில் இரண்டு ஜோடி வண்டிமாடுகளும் ஒரு கறவைப்பசுவும் ஒன்றுமே நடக்காதது போல அசைபோட்டுக்கொண்டு நின்றன. பிறந்து இருபது நாளான நாலாவது கன்று தாய்மடியை முட்டிக்கொண்டிருந்தது.

"நோவுன்னா எல்லாத்துக்கும் வரும். இது எவனோ மருந்து வெச்சிருக்கான்" என்றார் சின்னதுரை.

எவனோ என்று பொதுவாகச் சொன்னாரே தவிர, அவர் மனசில் ஒரே பெயர்தான் இருந்தது. செத்த மாட்டைத் தூக்கிக்கொண்டு போவது சேரிக்காரர்கள் வேலை. தோலும் கறியும் அவர்களுக்கு. இது எத்தனையோ தலைமுறை வழக்கம். இப்போதோ சண்டைக்காலம். பட்டாளத்து பூட்சுக்குத் தோல் கேட்டு ஏஜெண்டுகள் ஊர் ஊராக அலைந்தார்கள். முதல் கன்று செத்ததும் சின்னதுரை தோலைத் தானே ஏஜெண்டிடம் கொடுத்துவிட்டு, கறியை மட்டும் எடுத்துக்கொள் என்று முருகையனிடம் சொன்னார். முருகையனுக்கு ரோஷம் வந்துவிட்டது. நாலு பேர் முன்னால், "இன்னும் சாவும், அப்ப பாக்கலாம்" என்று சொல்லிவிட்டுப் போனான். அதற்கப்புறம் இன்னும் இரண்டு செத்தன.

ஒன்பது மணிக்கு சப்-இன்ஸ்பெக்டர் சீனுவாசன் சைக்கிளில் வந்து இறங்கினார். கெட்ட மனிதர் இல்லை, அவசரக்காரர். முருகையன் குடிசையின் கூரைச் செருகலில் ஓலைப் பொட்டலம் ஒன்று அகப்பட்டது. உள்ளே வெள்ளைப் பொடி.

"இன்னாடா இது?"

"படிகாரம் சாமி. தோலுக்குத் தடவறது."

"பாஷாணம்னு நான் சொல்றேன்."

பத்து மணிக்கு முருகையன் கையில் விலங்கு ஏறியது. பொடி பரிசோதனைக்குப் பட்டணம் போய்த் திரும்பி வர மாசக்கணக்காகும். அதுவரை அவன் ரிமாண்டில் கிடக்க வேண்டியதுதான்.

மறுநாள், செவ்வாய்க்கிழமை. காலை பதினோரு மணி.

திண்டிவனத்தில் மாசிலாமணியின் வீடு எங்கே என்று கேட்டால் நாலு பேர் உதட்டைப் பிதுக்குவார்கள். 'பூசண வாத்தியார்' வீடு என்றால் கண்ணை மூடிக்கொண்டு கை காட்டுவார்கள். பள்ளிக்கூடத்தில் சயன்ஸ் வாத்தியார். வீட்டின் பின்கட்டில் முன்னூற்றுப் பன்னிரண்டு கண்ணாடிக் குழாய்கள். ஒவ்வொன்றிலும் ஒரு பூசணம். ரொட்டிப் பூசணம், ஊறுகாய்ப் பூசணம், கேப்பைப் பூசணம், கருவாட்டுப் பூசணம். அவருடைய மனைவி இருதயமேரி இந்த வீட்டுக்கு வந்த புதிதில் ஒன்றிரண்டைக் கழுவிக் கவிழ்த்துவிட்டாள். மனுஷன் மூன்று நாள் சாப்பிடவில்லை. அதிலிருந்து அந்த அறைப் பக்கம் அவள் போவதில்லை. பதிலுக்கு இட்லிமாவுப் பானைப் பக்கம் அவர் வரக்கூடாது என்று ஏற்பாடு.

பதினெட்டு வயதில் ஓர் ஆராய்ச்சிக்கூடத்தில் குழாய் கழுவும் வேலையில் சேர்ந்தவர் அவர். கழுவுமுன் ஒவ்வொன்றையும் மோந்து பார்க்கிற கெட்ட பழக்கம் இருந்தது. ஒரு நாள் அங்கிருந்த துரை, லேபில் உதிர்ந்துபோன இருபது குழாய்களை எடுத்துக்கொண்டு விழிக்க, இவர் மோந்தும் பார்த்தும் இருபதுக்கும் பெயர் சொல்லிவிட்டார். அசிஸ்டெண்டு ஆனார். பதினெட்டு வருஷம் உழைத்தார். எழுதிய கட்டுரைகளில் துரையின் பெயர் மேலேயும் இவர் பெயர் கீழே பொடி எழுத்திலும் வந்தன. கடைசியில் சொந்தமாக ஒன்று எழுதினார்: தீனியில் பிடிக்கிற ஒரு மஞ்சள்பச்சைப் பூசணம் தின்ற பிராணியைக் கொன்றுவிடும் என்று. 'பூசணம் பிடித்ததைத் தின்னக்கூடாது என்பது என் சமையற்காரனுக்கே தெரியும்' என்ற ஒரு வரியோடு அது திரும்பி வந்தது. அவர் வேலையை விட்டுவிட்டு, குழாய்களை வைக்கோல் சுற்றிக் கட்டிக்கொண்டு திண்டிவனம் வந்து சேர்ந்தார். ஏழு வருஷம் ஆகிறது.

அன்று பள்ளிக்கு விடுமுறை. வாசலில் ஒரு பெண் நின்றாள். காலெல்லாம் புழுதி.

"அண்ணே, நான் எறையாங்குப்பம் முருகையன் பொஞ்சாதி, சின்னபொண்ணு. நீங்க நம்ம தாண்டவராயன் பெரியப்பா மவன்னு மாமியா சொன்னாங்க. எம்புருஷன புடிச்சிக்கினு போயிட்டாங்க அண்ணே."

மாசிலாமணியின் முகம் சுண்டிவிட்டது. உள்ளேயிருந்து வந்த இருதயமேரி இருவரையும் மாறி மாறிப் பார்த்தாள். மாமனாரின் பெயரை அவள் அன்றுதான் கேள்விப்படுகிறாள். 'காலராவில் போனார்' என்பதற்கு மேல் அவர் அவளிடம் ஒரு வார்த்தை சொன்னதில்லை.

நடந்ததையெல்லாம் சின்னபொண்ணு சொல்லி முடித்தாள். அவர் கேட்ட முதல் கேள்வி இது:

"வெச்சானா?"

"அண்ணே!"

"மறைக்காம சொல்லு. வெச்சானா?"

சின்னபொண்ணு நிமிர்ந்து பார்த்தாள். "விஷம் வெச்ச கறிய எம்புள்ளைங்களுக்கு ஆக்கிப் போடுவேனா? ரெண்டு கன்னும் நாங்கதான் தின்னோம். ஒண்ணும் ஆவல. ஈரல மட்டும் பொதைச்சிட்டோம்."

"ஏன்?"

"பாக்கவே நல்லா இல்ல. வெளிறிப் போயி, கல்லு மாதிரி இருந்திச்சு. கத்தி எறங்கல. பித்தப்பை இத்தாம் பெருசு. வயித்துல தண்ணி. மருந்து வெச்ச மாட்டுக்குக் கொடலு செவந்து வெந்து கெடக்கும். ஈரல் இப்பிடி ஆவாது. நாங்க அறுக்காத ஈரலா?"

மாசிலாமணி சுவரில் சாய்ந்துகொண்டார்.

முப்பத்துநாலு வருஷத்துக்கு முன் ஒரு காலை. அவருக்கு ஒன்பது வயது. அப்பாவைக் கயிற்றில் கட்டி இழுத்துக்கொண்டு போனார்கள். மாட்டுக்கு விஷம் வைத்தான் என்று. அப்பா வழியெல்லாம் ஒன்றையே கத்திக்கொண்டு போனார். "ஈரலைப் பாருங்க சாமி, ஈரலைப் பாருங்க!" ஊரே சிரித்தது. பயத்தில் உளறுகிறான் என்றார்கள். மூன்று வருஷம் கடுங்காவல். இரண்டாம் வருஷம் ஜெயிலிலேயே காய்ச்சலில் போய்விட்டார். மிஷன் பாதிரியார் பிள்ளையை எடுத்து வளர்த்து மாசிலாமணி என்று பெயரிட்டார். கோர்ட்டு சொன்னதை அந்தப் பிள்ளையும் நம்பினான். அப்பா செய்துதான் இருப்பார் என்று நம்பிக்கொண்டே வளர்ந்து, படித்து, தலையும் நரைத்துப் போயிற்று.

"இருதயம், என் பைய எடு" என்றார்.

புதன்கிழமை. காலை ஒன்பதரை மணி.

பாசஞ்சர் ரயிலில் விழுப்புரம் வந்து, வளவனூர் ரோட்டில் ஜட்கா பிடித்து, போலீஸ் ஸ்டேஷனில் அவர் போய் இறங்கியபோது சீனுவாசன் காப்பி குடித்துக்கொண்டிருந்தார். படித்தவர் ஒருவர் வழக்கில் தலையிட வந்தால் முதலில் நோட்டுப் புத்தகத்தை எடுப்பது அவர் வழக்கம்.

"பேரு?"

"மாசிலாமணி."

"தகப்பனார் பேரு?"

"காலமாயிட்டார்."

"பேரு கேட்டேன் சார்."

"மிஷன்ல வளந்தவன். அப்படியே எழுதிக்குங்க."

சீனுவாசன் ஏற இறங்கப் பார்த்துவிட்டு எழுதிக்கொண்டார். மாசிலாமணி பொட்டலத்திலிருந்து ஒரு சிட்டிகை பொடி கேட்டார். ஸ்டேஷன் காப்பி அடுப்பில் இரும்புக் கரண்டியை வைத்து அதில் போட்டார். பொடி இளகி, கொப்பளித்து, பஞ்சு போல உப்பிக் கரண்டி விளிம்பைத் தாண்டி நின்றது.

"பாஷாணமா இருந்தா பொகையாப் போயிருக்கும். இது படிகாரம்."

சீனுவாசன் காப்பியைக் கீழே வைத்தார். "சரி, இந்தப் பொட்டலம் இல்ல. வேற பொட்டலத்த வெச்சிட்டு மிச்சத்தத் தூக்கிப் போட்டிருப்பான். கன்னு செத்தது பொய்யா?"

"செத்தது நெசம். எதனாலன்னு பாக்கலாம், வாங்க."

பத்தரை மணி. சின்னதுரையின் கொட்டகை.

சின்னதுரைக்கு வந்திருப்பது சேரியில் யார் வீட்டுப் பிள்ளை என்று அதற்குள் தெரிந்துவிட்டது. கேள்வியை வாத்தியார் கேட்டாலும் பதிலை சப்-இன்ஸ்பெக்டரைப் பார்த்தே சொன்னார்.

"ராத்திரியில வெளியாளு யாராவது உள்ள வந்தாங்களா?"

"நாய் கட்டியிருக்கேன். கொலைக்கல."

"அப்ப மருந்து எப்படி வந்துச்சு?"

"அத அவனத்தான் கேக்கணும்."

"இந்த வருஷம் மல்லாட்டை எப்பப் புடுங்கினீங்க?" வேர்க்கடலைக்கு அந்தப் பக்கம் மல்லாட்டை என்றுதான் பெயர்.

"தை பொறந்ததும். இன்னாத்துக்கு?"

"எங்க ஒடைச்சீங்க?"

"டவுன்ல, மெஷின்ல."

"எல்லாத்தையுமா?"

"எல்லாத்தையும்தான். கன்னு செத்ததுக்கும் மல்லாட்டைக்கும் இன்னாங்க சம்பந்தம்? பெரிய பேஜாரா இருக்குதே!"

மாசிலாமணி மூலையில் இருந்த மல்லாட்டைப் பிண்ணாக்கைப் பார்த்தார். இரண்டு குவியல். ஒன்றில் டவுன் மில்லின் வட்டப் பிண்ணாக்கு, தட்டுத் தட்டாக அடுக்கியிருந்தது. இன்னொன்று உள்ளூர்ச் செக்கில் ஆட்டியது; உடைந்த துண்டுகள், சாக்கில் பாதி. இரண்டையும் மோந்து பார்த்தார். இரண்டிலும் ஒவ்வொரு துண்டு காகிதத்தில் மடித்துப் பையில் போட்டுக்கொண்டார்.

வீரம்மாள் தூணைப் பிடித்துக்கொண்டு நின்றாள். அவளிடம் அவர் குரலே வேறாக இருந்தது.

"கன்னுங்களுக்குத் தீனி வெக்கிறது நீங்கதானாம்மா?"

"நான்தாங்க. பிண்ணாக்க ஊறவெச்சு, உருட்டி, என் கையாலயே ஊட்டுவேன். வேற யார் குடுத்தாலும் திங்காதுங்க."

"எந்தப் பிண்ணாக்கு?"

"செக்குப் பிண்ணாக்கு. மில்லுப் பிண்ணாக்கு எல்லாம் இழுக்கிற மாட்டுக்கும் கறக்கிற மாட்டுக்கும். கன்னுக்கு இதுவே போதும்னு அண்ணன் சொல்லிச்சு."

"இந்தச் சின்னக் கன்னுக்கு?"

"அது இன்னும் பால்குடிங்க. அதுக்கேது பிண்ணாக்கு?"

"இந்த வருஷம் வீட்டுல வேற எதுனா செத்துதா?"

"இல்லீங்க." கொஞ்சம் யோசித்தாள். "மாசி மகத்துக்கு முந்தி வாத்துக்குஞ்சு பதினொண்ணும் போச்சு. வாத்துன்னா சாவறதுதானே. தொட்டியாண்ட சிந்தினதப் பொறுக்கிக்கினு என் காலையே சுத்திக்கினு திரியும், பாவம்."

சீனுவாசன் கொட்டாவி விட்டார். வாத்துக் கதை கேட்கவா அவர் சைக்கிள் மிதித்து வந்தார்? மாசிலாமணியோ கொட்டகையின் பின்புறம் போய்விட்டார். அங்கே அடுப்பெரிக்க மல்லாட்டைத் தோலைக் குவித்திருந்தார்கள். குனிந்து இரண்டு கை அள்ளிப் பார்த்தார். நசுங்கி, நாராகி, மண்கறையோடு ஒன்றோடொன்று ஒட்டிக் கிடந்தது. சட்டைப்பை நிறைய அதை அடைத்துக்கொண்டு வந்தார்.

"என்ன சார், கெடச்சிச்சா ஆளு?" என்றார் சீனுவாசன்.

"கெடச்சாச்சு. ஆனா நான் சொன்னா நீங்க நம்ப மாட்டீங்க. பத்து நாள் குடுங்க."

"இருபத்திரண்டாம் தேதி ரிமாண்டு முடியுது. அன்னைக்கு நான் சார்ஜ் ஷீட் போடணும். அதுக்குள்ள முடிச்சாத்தான்."

வியாழன் தொடங்கி அடுத்த வெள்ளி வரை, திண்டிவனம்.

வாத்து மேய்க்கிறவர்களிடம் பத்துக் குஞ்சுகள் வாங்கிவந்தார் மாசிலாமணி. பொரித்து ஒரு வாரம் ஆன குஞ்சுகள். ஐந்தின் காலில் சிவப்பு நூல், ஐந்தின் காலில் வெள்ளை நூல். சிவப்புக்குச் செக்குப் பிண்ணாக்கு. வெள்ளைக்கு மில் பிண்ணாக்கு. மற்றபடி ஒரே தவிடு, ஒரே தண்ணீர்.

"வூட்டுல பூசணம் வளத்தது போதாதுன்னு வாத்து வேறயா?" என்றாள் இருதயமேரி. சொல்லிவிட்டு, குஞ்சுகளுக்குப் பழம்புடவை ஒன்றை விரித்துக் கொடுத்தாள்.

மூன்றாம் நாள் சிவப்பு நூல் குஞ்சுகள் தீனியைக் குறைத்தன. ஐந்தாம் நாள் இரண்டு செத்தன. அவற்றின் தலை பின்பக்கமாக வளைந்து, கால்கள் நீண்டு விறைத்திருந்தன. ஏழாம் நாள் இன்னும் இரண்டு. எட்டாம் நாள் கடைசிக் குஞ்சு அவர் உள்ளங்கையிலேயே துவண்டது. வெள்ளை நூல் ஐந்தும் கீச்கீச்சென்று கத்திக்கொண்டு அடுக்களை வரைக்கும் ஓடின.

"தெரிஞ்சே தீனி வெச்சுக் கொன்னேன், இருதயம்" என்றார். கண் கலங்கியிருந்தது.

அவள் பக்கத்தில் உட்கார்ந்தாள். "மாமா காலராவுல போவல, இல்ல?"

அவர் தலையை ஆட்டினார். எல்லாவற்றையும் சொன்னார். கல்யாணமாகிப் பதினாறு வருஷத்தில் அவள் கேட்ட மிக நீளமான பேச்சு அதுதான். இருதயமேரி செத்த குஞ்சை அவர் கையிலிருந்து வாங்கிக்கொண்டாள். பிறகு, "அவரு சொன்னத நீங்களாவது நம்பியிருக்கலாம்" என்றாள். அவருக்கு அந்த வார்த்தை சுருக்கென்று தைத்தது. தைக்க வேண்டியதுதான் என்றும் தோன்றியது.

செத்த ஐந்து குஞ்சுகளையும் அறுத்து ஈரலைப் பார்த்தார். வெளிறிக் கிடந்தது. செக்குப் பிண்ணாக்குப் பொடி தூவிய புதுக் குழாயில் பூசணம் மேலெழும்பி நின்றது. மஞ்சள்பச்சை. அவருடைய முன்னூற்றுப் பன்னிரண்டில் நாற்பத்தேழாம் எண் குழாயை எடுத்துப் பக்கத்தில் வைத்துப் பார்த்தார். இரண்டும் ஒரே பூசணம். ஏழு வருஷத்துக்கு முன் கட்டுரையில் எழுதித் திரும்பி வந்ததும் அதேதான்.

மார்ச் 21, ஞாயிற்றுக்கிழமை. காலை எட்டு மணி.

சின்னதுரையின் கொட்டகை வாசலில் ஒரு கூடையில் ஐந்து உயிருள்ள குஞ்சுகள். ஒரு தாம்பாளத்தில் ஐந்து செத்த குஞ்சுகளின் ஈரல், உப்புத்தண்ணீரில். சீனுவாசன் நின்றார். சின்னதுரை கை கட்டிக்கொண்டு நின்றார். வீரம்மாள் தூணோடு. சின்னபொண்ணு களத்து ஓரத்தில், தள்ளி.

"சீக்கிரம் சொல்லுங்க சார். யாரு?" என்றார் சீனுவாசன்.

"மொதல்ல ஒரு கேள்வி. முருகையன் மாட்டக் கொல்றது எதுக்கு?"

"தோலுக்கு."

"வாத்துக்குத் தோல் ஏதுங்க?"

சீனுவாசன் கூடையிலிருந்த குஞ்சுகளைக் குனிந்து பார்த்தார்.

"கன்னுங்களுக்கு முன்னாடியே இந்த வூட்டுல பதினோரு வாத்துக்குஞ்சு செத்துச்சு. வாத்துதானேன்னு யாரும் கணக்குல வெக்கல. தொட்டியாண்ட சிந்தினதத் தின்ன வாத்து செத்துச்சு. அதே தொட்டியில தின்ன கன்னு செத்துச்சு. வேற பிண்ணாக்கு தின்ன மாடு சாவல. பிண்ணாக்கே தின்னாத பால்குடி சாவல. மருந்து வெளியேருந்து வரல. அந்தச் சாக்குல இருந்துச்சு."

"எவன் கலந்தான்?"

"கலக்கல. வளந்துச்சு. ஈரமான மல்லாட்டையில புடிக்கிற பூசணம். கன்னுக்குட்டி, வாத்துக்குஞ்சு மாதிரி இளசுங்களுக்கு ஆவாது. கொஞ்சங் கொஞ்சமா ஈரலைத் தின்னுடும்."

"என் காய் ஈரம் இல்ல!" சின்னதுரை முதல் தடவையாக அவரை நேராகப் பார்த்துப் பேசினார். "மெஷின்ல ஒடைச்ச காய்."

மாசிலாமணி சட்டைப்பையிலிருந்து தோலை எடுத்துத் தாம்பாளத்தின் பக்கத்தில் கொட்டினார். இன்னொரு காகிதத்தைப் பிரித்தார். அதிலும் மல்லாட்டைத் தோல்.

"இது டவுன்ல மெஷினாண்ட அள்ளினது. பாருங்க, மொறுமொறுன்னு நொறுங்கியிருக்கு. இது உங்க கொட்டகைப் பின்னால அள்ளினது. நசுங்கி நார் நாரா ஒட்டிக்கினு கெடக்கு. காஞ்ச தோல் இப்படி ஆவாது. காய்மேல தண்ணி தெளிச்சு, சாக்கு போட்டு மூடி, பதமானப்புறம் தடியால அடிச்சாத்தான் இப்படி வரும். பருப்பு ஒடையாம முழுசா வரும்னு அந்தக் காலத்துல எல்லாரும் பண்ணினது." அவர் களத்து ஓரத்தைப் பார்த்தார். "சின்னபொண்ணு, அடிச்சது யாரு?"

சின்னபொண்ணு சின்னதுரையைப் பார்த்தாள். நாளைக்கும் கூலிக்கு அந்தக் களத்துக்குத்தான் அவள் வர வேண்டும். முந்தானையை இழுத்து இடுப்பில் செருகிக்கொண்டாள்.

"நாங்க ஆறு பேரு அடிச்சோம். தண்ணி தெளிச்சு ரெண்டு நாள் மூடி வெச்சிருந்தாங்க. தொறக்கும்போதே சூடா இருந்திச்சு, பூசண நாத்தம் அடிச்சிச்சு. வெளிய சொல்லக்கூடாதுன்னு சொல்லிட்டாரு."

சின்னதுரை தொட்டி விளிம்பில் உட்கார்ந்துவிட்டார்.

"மெஷினுக்கு எண்ணெய் இல்லன்னு மெஷின்காரன் மூடிட்டான்" என்றார். வீறாப்பு எல்லாம் போயிருந்தது. "சண்டையாலதான். ஜல்தியா பருப்பு வேணும்னு வியாபாரி நின்னுக்கினு இருந்தான். காஞ்ச காய்னு சத்தியம் பண்ணிக் குடுத்தேன். அவன் மோந்து பாத்துட்டு ஆறு மூட்டையத் திருப்பிட்டான். வெளிய தெரிஞ்சா எவன் எங்கிட்ட வாங்குவான்? ராவோட ராவா செக்குல போட்டு ஆட்டிட்டேன். எண்ணெய் வெளக்குக்காச்சு. பிண்ணாக்கு கன்னுக்குன்னு..."

"உங்க கன்ன நீங்கதான் கொன்னீங்க" என்றார் மாசிலாமணி. அவருக்குக் கோபம் இருந்தது. ஆனால் அந்த ஆள் உட்கார்ந்திருந்த விதத்தைப் பார்த்ததும் குரல் இறங்கியது. "தெரியாமதான். தண்ணி தெளிச்சது தெரியாத தப்பு. மறைச்சது தெரிஞ்ச தப்பு. அந்த ஒண்ணுக்காக ஒருத்தன் பதிமூணு நாளா ஜெயில்ல கெடக்கறான்."

வீரம்மாள் தன் இரண்டு கைகளையும் விரித்துப் பார்த்துக்கொண்டிருந்தாள். "அப்ப நான்தான் ஊட்டினேனா? இந்தக் கையாலயா?"

மாசிலாமணி அவளருகே போனார். "நீங்க ஊட்டினது பாசத்துல, அம்மா. பூசணம் உங்க கைக்குத் தெரியுமா? மிச்சப் பிண்ணாக்கக் குழி தோண்டிக் கொட்டிடுங்க. இந்தாங்க." வெள்ளை நூல் கட்டிய ஐந்து குஞ்சுகளோடு கூடையை அவள் காலடியில் வைத்தார்.

சின்னதுரை எழுந்தார். களத்து ஓரம் வரை நடந்து போனார். சின்னபொண்ணு முன்னால் நின்று ஏதோ சொல்ல வாயெடுத்தார். பழக்கமில்லாத வார்த்தை, வரவில்லை. தலைத்துண்டை எடுத்து முகத்தைத் துடைத்துக்கொண்டு நின்றார். அவளும் உதவி செய்யவில்லை. அவர் சொல்லட்டும் என்று பார்த்துக்கொண்டே நின்றாள்.

பகல் பதினொன்றரை மணி. போலீஸ் ஸ்டேஷன்.

"கேஸ் தப்பா போட்டதுன்னு எழுதி மூடிடறேன்" என்றார் சீனுவாசன். "நாளைக்குக் காலையில முருகையன் வெளிய வந்துடுவான். உங்க வாக்குமூலம் மட்டும் புதுசா வேணும். ஒண்ணு கேக்கறேன். அன்னைக்கு வந்த கையோட ஆள் கெடச்சாச்சுன்னு சொன்னீங்களே, எப்படி?"

"ஈரல் கல்லா இருந்துச்சுன்னு சின்னபொண்ணு சொன்னா."

"அது போதுமா?"

"எனக்கு அதுக்கு முன்னாடியே ஒருத்தர் சொல்லியிருந்தார். நான்தான் காதுல வாங்கல."

சீனுவாசனுக்குப் புரியவில்லை. பேனாவை மையில் தோய்த்து, அச்சடித்த தாளில் வழக்கமான வரிசையில் ஆரம்பித்தார்.

"பேரு மாசிலாமணி. தகப்பனார் பேரு... மிஷன்ல வளந்தவர்னு போட்டுடறேன்."

"வேணாம். தாண்டவராயன்னு போடுங்க."

பேனா எழுதியது.

"தொழில்?"

"இன்னும் அப்பா பேரு முடியல." மாசிலாமணி மேஜைமேல் கையை ஊன்றிக்கொண்டார். "மாட்டுக்கு விஷம் வெச்சதா ஆயிரத்துத் தொள்ளாயிரத்து ஒம்பதுல தண்டனை ஆனவர். ஈரலைப் பாருங்க, ஈரலைப் பாருங்கன்னு கத்தினார். யாரும் பாக்கல. பெத்த புள்ளையும் பாக்கல. அவர் விஷம் வெக்கல. அதையும் எழுதிக்குங்க."

சீனுவாசன் தலைநிமிர்ந்து அவரைப் பார்த்தார். பிறகு தாளைப் பார்த்தார். தகப்பனார் பெயருக்கென்று அச்சடித்திருந்த கட்டம் விரல் அகலம்தான்.

"இதுல இவ்வளோ இடம் இல்லீங்களே சார்."

"ஓரத்துல எழுதுங்க."

சப்-இன்ஸ்பெக்டர் தாளைப் பக்கவாட்டில் திருப்பி வைத்துக்கொண்டு, ஓரத்தில் எழுத ஆரம்பித்தார்.